அளந்தவர் என்றொரு கட்டம்

என் பணி ஓய்வு நாளில் மாலை, சால்வை, பேடா எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த பயிற்சிப் பொறியாளர் காவ்யா என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் படிச்ச காலேஜ் பேரு எங்க ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாதுங்க. அறுபத்தோரு பர்சன்ட். ரெண்டு அரியர் வெச்சுத்தான் முடிச்சேன். என்கூடச் சேர்ந்தவங்க எல்லாம் பெரிய பெரிய காலேஜுங்க. நான் இங்க தாக்குப் பிடிப்பேனுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உழைச்சாப் போதும்” என்று சொல்லி, ஒரு பேடாவை அவள் கையில் வைத்து அனுப்பிவிட்டேன். புனேயில், போபோடியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் இரும்பை அளந்து சம்பளம் வாங்கியவள் நான். ஒரு பெண் மனதைத் திறந்து கேட்ட கேள்விக்கு அளக்காமல் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே, காவ்யாவுக்கும் இந்த வருஷம் சிஞ்ச்வட்டில் நம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. மதிப்பெண்ணும் கல்லூரிப் பெயரும் முக்கியம்தான். அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்கள் பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுத்தான் மேடைக்கு வருகிறார்கள். வாசலில் நிற்கும்போது உங்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லை, அந்தத் தாள்தான் பேசும். என் தாள் என்ன பேசியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். இரண்டாம் வகுப்பு, ஐம்பத்தொரு சதவீதம். கல்யாணமாகி புனே வந்தேன். கணவருக்குக் கட்கியில் வேலை. போபோடியில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இரண்டும் மராட்டியில் சண்டை போட்டு, இந்தியில் சமாதானமாகி, என்னிடம் மட்டும் திக்கித் திக்கித் தமிழ் பேசும் வயதுக்கு வளர்ந்த பிறகு, 1990-இல், முப்பத்தொன்பதாவது வயதில், முதன்முதலாக வேலைக்குப் போனேன். சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை. ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. நேர்காணலில் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், “இத்தனை வருஷமா என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார். “சமைச்சேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. ஆனால் கடைசிப் படியில்.

எங்கள் தொழிற்சாலை செய்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்புத் துண்டு. வண்டியின் ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைப்பது அதுதான். அது உடைந்தால் ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் ஒவ்வொரு துண்டையும் உலையில் சுட்டு, எண்ணெயில் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். போதுமான அளவு கடினமாகியிருக்கிறதா என்று அளப்பது என் வேலை. அளந்து முடித்த சரக்குக் கூடையில் ஒரு பச்சை அட்டை மாட்டினால்தான் லாரி ஏறும். அந்த அட்டையில் ஒரே ஒரு கட்டம். அதில் பொறியியல் பட்டம் பெற்றவர் மட்டுமே கையெழுத்துப் போடலாம் என்பது விதி. நாள் முழுக்க நின்று அளந்தவள் நான். ஐந்து நிமிஷம் வந்து தாளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். என் பெயர் எந்த மூலையிலும் இருக்காது.

அது எனக்கு வருத்தமாக இருந்ததா? ஆரம்பத்தில் இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அது வசதியாகப் போய்விட்டது.

1994-இல் ஒரு நாள் அளவுகள் எனக்குச் சரியாகப் படவில்லை. எண்கள் விதித்த எல்லைக்குள்தான் இருந்தன. ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தாறுமாறாகக் குதித்தன. கையெழுத்துப் போட வந்த பொறியாளரிடம் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் படித்தவர், அவருக்குத் தெரியாததா, நாம் யார் சொல்வதற்கு என்று விழுங்கிவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். சரக்கு போயிற்று. ஒரு மாதம் கழித்து, வண்டிக் கம்பெனியின் சோதனை ஓட்டத்தில் அந்தச் சரக்கில் ஒரு துண்டு உடைந்தது. வண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் மெதுவாகத்தான் போனது. ஓட்டுநருக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. இறங்கும்போது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விசாரணை நடந்தது. கையெழுத்துப் போட்ட பொறியாளரை நாலு நாள் வறுத்தெடுத்தார்கள். அவர் வேலையை விட்டே போனார். என்னை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள், என் பெயர்தான் எங்கேயும் இல்லையே! நல்லவேளை, தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. என் ஐம்பத்தொரு சதவீதம் என்னைக் கீழே வைத்திருந்தது என்பது பாதி உண்மைதான். அதற்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தேன் என்பது மீதிப் பாதி.

அடுத்த வருஷம் அவர் இடத்துக்கு சுந்தர் வந்தான். சென்னைப் பையன், இருபத்திரண்டு வயது. நாட்டிலேயே பேர்பெற்ற கல்லூரி ஒன்றில் உலோகவியலில் தங்கப் பதக்கம். வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொழிற்சாலை முழுக்க அதே பேச்சு. அவன் வந்த அன்றைக்கு நான் கணவரிடம், “பதக்கம் வந்து இறங்கியாச்சு, ஆரத்தி எடுக்காததுதான் பாக்கி” என்று சொல்லிச் சிரித்தேன். அவனைப் பிடிக்கக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானம் பண்ணிவைத்திருந்தேன். எல்லோர் எதிரிலும் அவனை “சார்” என்று அழைப்பேன். அந்த “சார்” கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். தனியாக இருக்கும்போது “தம்பி” என்று வந்துவிடும்.

அவனைப் பிடிக்காமல் வைத்திருப்பது கஷ்டமாக இருந்தது. என் தாளை வாங்கி எண்களைப் படிப்பான், கோடு போட்டுப் பார்ப்பான், இது ஏன் இப்படி என்று அவனாகவே எனக்கு விளக்குவான். நான் ஐந்து வருஷமாகக் கையால் அறிந்திருந்ததற்கெல்லாம் அவனிடம் பெயர் இருந்தது. ஒரு குறை மட்டும் கண்ணில் பட்டது. எந்தக் கேள்விக்கும் அவனிடம் உடனே பதில் இருக்கும். தெரியாததற்கும் ஒரு பதிலைத் தயார் செய்துவிடுவான். வாழ்க்கையில் ஒரு வினாவையும் காலியாக விட்டு எழுந்து வந்தவன் இல்லை, பாவம்.

1996 ஜூலை, ஒரு சனிக்கிழமை. பலத்த மழை. அறுநூறு துண்டுகள் மதியம் இரண்டு மணி லாரிக்குப் போயாக வேண்டும். போகவில்லையென்றால் வண்டிக் கம்பெனியின் உற்பத்தி வரிசை நின்றுவிடும். காலை பதினொரு மணிக்கு முப்பது துண்டுகளை அளந்து முடித்தேன். கடின அளவு முப்பதிலிருந்து முப்பத்தாறு வரை இருக்கலாம் என்பது எல்லை. வழக்கமாக அளவுகள் அதற்குள் பரவலாகக் கிடக்கும். அன்றைக்கு முப்பது, முப்பது, முப்பதரை, மறுபடி முப்பது.

“தம்பி, கொஞ்சம் இங்க வாங்க.”

சுந்தர் வந்து தாளைப் பார்த்தான். “எல்லாம் லிமிட்டுக்குள்ளதானே மேடம் இருக்கு?”

“இருக்குய்யா. ஆனா எல்லாம் சொல்லிவச்ச மாதிரி ஜஸ்ட் பாஸ்.”

“ஜஸ்ட் பாஸும் பாஸ்தானே?”

“அதை என்கிட்டயே சொல்றீகளா? நானே ஜஸ்ட் பாஸ்ல வந்தவதான். ஒரு கிளாஸ்ல நாலு பேரு ஜஸ்ட் பாஸ்னா பிள்ளைக கோளாறு. மொத்த கிளாஸும் ஜஸ்ட் பாஸ்னா வாத்தியார்கிட்டத்தான் ஏதோ கோளாறு. எனக்கு என்னமோ சரியாப் படல.”

சிரித்தான். பிறகு போய் உலையின் பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்தான். “சூடு கரெக்டா காட்டுது மேடம். என்ன காரணம்னு நீங்க நினைக்கிறீங்க?”

“காரணம் எனக்குத் தெரியாது.”

“காரணமே தெரியாம எப்படி நிறுத்துறது?”

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் எங்கள் மேலாளர் உள்ளே வந்தார். மராட்டிக்காரர், நல்ல மனிதர், ஆனால் லாரி வரும் நாளில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். இன்னும் பச்சை அட்டை ஆகவில்லையா என்று இந்தியில் கேட்டார். சுந்தர் பேனாவைத் திறந்துவிட்டான். அவன் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தவன். நிறுத்தினால் அவன் வேலைக்கு ஆபத்து. கையெழுத்துப் போட்டு ஏதாவது ஆனாலும் அவன் தலைதான் போகும். எனக்கு அந்தத் தோள் எலும்பு ஞாபகம் வந்தது.

பச்சை அட்டைக்குப் பட்டம் வேண்டும். சிவப்பு அட்டை என்று ஒன்று உண்டு, சரக்கை நிறுத்திவைக்க. அதை யார் மாட்டலாம் என்று விதியில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. யாரும் அதை மாட்டியதும் இல்லை. சுவரில் ஒரு ஆணியில் தூசி படிந்து கற்றையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் ஒன்றை உருவினேன், புடவைத் தலைப்பால் துடைத்தேன், என் பெயரை எழுதினேன், கூடைக் கம்பியில் கட்டினேன். ஆறு வருஷ வேலையில் ஒரு அட்டையில் என் பெயர் வந்தது அன்றுதான் முதல் தடவை. முடிச்சு நன்றாகவே விழுந்தது.

“ஜெயந்தி தாயி, யே கியா ஹை?” என்றார் மேலாளர். இது என்ன என்று கேள்வி; தாயி என்றால் அக்கா. கோபத்திலும் மரியாதை விடாத மனிதர் அவர். “யாரைக் கேட்டு மாட்டினீங்க?”

“யாரையும் கேக்கணும்னு விதியில இல்ல சார்” என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. என்னோடு பேசிப் பயனில்லை என்று சுந்தர் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. நீ கோல்ட் மெடல். சரக்கு சரியா, தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

சுந்தர் தாளைப் பார்த்தான். உலையைப் பார்த்தான். சரி என்று சொல்லிவிட அவனிடம் எல்லா எண்களும் இருந்தன. சொல்லியிருந்தால் நான் திங்கட்கிழமை வேலையில் இருந்திருக்க மாட்டேன். உதிரிபாக உலகத்தில் உதவியாளர் ஒருத்தி லாரியை நிறுத்துவது என்பது அந்தக் காலத்தில் கனவிலும் நடக்காத காரியம்.

“எனக்குத் தெரியல சார்” என்றான். பேனாவை மூடினான். “ஒரு மணி நேரம் குடுங்க. துண்டை அறுத்து உள்ள பாத்துட்டுச் சொல்றேன்.”

சொல்லிவிட்டு, சிவப்பு அட்டையில் என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான். அந்த நிமிஷத்தில் அவன் மேல் எனக்கு வந்த பெருமை, பெற்ற பிள்ளைகள் மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. பதக்கம் வாங்கியவன் பத்துப் பேர் எதிரில் தெரியாது என்று சொல்வது, நான் சிவப்பு அட்டை மாட்டியதைவிடப் பெரிய காரியம். நான் இழப்பதற்கு ஒரு உதவியாளர் வேலைதான் இருந்தது. அவனுக்கு இருபத்து மூன்று வருஷப் பேர் இருந்தது.

மூன்று துண்டுகளை அறுத்துப் பார்த்தோம். அவசரத்தில் சுட்ட வடை மாதிரி மேலே வெந்து, உள்ளே மூன்றும் வேகவே இல்லை. சுந்தர் பக்கத்துப் பிரிவிலிருந்து வேறொரு சூடுமானி வாங்கி வந்து உலைக்குள் விட்டான். உலையில் இருந்த மானி உண்மையைவிட நாற்பது டிகிரி கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன், இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. எனக்கு இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்தான். அதைக் காரணமாக்கி மேலாளர் மேஜையில் வைக்க அவன் படித்த படிப்பு தேவைப்பட்டது. இல்லையென்றால் இரண்டு மணிக்கு யாராவது என் சிவப்பு அட்டையைக் கிழித்துவிட்டு லாரியை அனுப்பியிருப்பார்கள்.

லாரி காலியாகத் திரும்பியது. வண்டிக் கம்பெனியின் வரிசை அரை நாள் நின்றது. அங்கிருந்து வந்த தொலைபேசியை மேலாளர் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தே பேசினார். அன்று சாயங்காலம் வீட்டில், வேலை போனாலும் போகலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “போனாப் போகுது. பேரையாவது ஒழுங்கா எழுதுனியா?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கட்டுப் பச்சை அட்டை இருந்தது. “பட்டதாரிப் பொறியாளர்தான் ஒப்புதல் தரணும்கிற விதியை என்னால மாத்த முடியாது. அது மேலிடத்துல போட்டது” என்றார். பிறகு ஸ்கேலை எடுத்தார். அட்டையின் அடியில் பென்சிலால் இன்னொரு கட்டம் போட்டார். அதற்குமேல் ‘அளந்தவர்’ என்று மராட்டியில் எழுதினார். “இதுக்கு எந்த விதியும் இல்ல” என்றார். அடுத்த முறை அச்சடித்தபோது அந்தக் கட்டமும் சேர்ந்தே வந்தது. முதல் கையெழுத்தை நான் போட்டேன். போட்டுவிட்டு, பாழான ஒரு அட்டையைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினேன். அவர் அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். நான் கேலி செய்தேன், ஆனால் எடுக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2001-இல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு என்னிடம் வந்தது. 2003-இலிருந்து புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் உட்கார்ந்தேன். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் அறுபது சதவீதம் என்று ஒரு சல்லடை. அதில் என்னைப் போட்டிருந்தால் முதல் குலுக்கலிலேயே கீழே விழுந்திருப்பேன். சல்லடையைத் தூக்கி எறியச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை. ஆயிரம் விண்ணப்பம் வந்தால் வேறு வழி கிடையாது. கீழே விழுந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பத்துப் பேரையாவது கூப்பிட வேண்டும் என்று மட்டும் அடம் பிடித்து வாங்கினேன். அந்தப் பத்துப் பேரும் மறைந்திருந்த மாணிக்கங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் நிஜமாகவே படிக்காமல் ஊர் சுற்றியவர்கள்! மீதிப் பேரில் சிலர் இன்றைக்கு உங்கள் மேலதிகாரிகளாக இருக்கிறார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன்.

எல்லோரிடமும், பதக்கக்காரர்களிடமும் சேர்த்து, ஒரே கேள்விதான் கேட்பேன். “நாலு பேர் எதிரில் தெரியாது என்றோ வேண்டாம் என்றோ கடைசியாக எப்போது சொன்னாய்?” அதற்கு வரும் பதிலைக் கேட்கும்போது சான்றிதழை மூடி வைத்துவிடுவேன்.

சுந்தர் நாலு வருஷத்தில் எங்களை விட்டுப் போனான். இப்போது ஹடப்சர் பக்கம் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறான். பத்தொன்பது வருஷத்தில் நான் ஏறியதைவிட உயரமாக அந்த நாலு வருஷத்திலேயே ஏறினான். பதக்கம் அதைச் செய்தது, அதை மறைக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் தீபாவளிக்கு ஃபோன் பண்ணும்போது அவன் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. “மேடம், அந்தச் சிவப்பு அட்டை இன்னும் வச்சிருக்கீங்களா?” என்றுதான் கேட்பான். வைத்திருக்கிறேன்.

போன வாரம், மறந்து வைத்துவிட்ட சாப்பாட்டு டப்பாவை எடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். காவ்யா ஒரு சரக்கை அளந்து முடித்து அட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மேல் கட்டத்தில், அன்றைக்கு ஒப்புதல் முறையில் இருந்த, அவளோடு சேர்ந்த பெரிய கல்லூரிப் பையனின் கையெழுத்து, கட்டத்தை மீறி வால் நீட்டிக்கொண்டு இருந்தது. கீழே ‘அளந்தவர்’ கட்டத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தும் என்னால் படிக்க முடியவில்லை.

“இது என்னம்மா?”

“என் பேருங்க மேடம்.”

“அளவு சரியா இருக்கா? நீதான அளந்தே?”

“நான்தானுங்க. ரெண்டு தடவ அளந்தேன். சரியா இருக்குங்க.”

அட்டையை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

“அப்ப வேற அட்டை எடு. கட்டம் நிறைய எழுது.”

அவள் புது அட்டை எடுத்து மேஜையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதினாள். மேல் கையெழுத்துக்காக அந்தப் பையனைத் தேடி அவளே எழுந்து போனாள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.